கார்ன்வாலின் மீனவ ஊர்களுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் மாவட்டத்தில், போல்பெரோ என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, குறுகிய பள்ளத்தின் அடியில், சிறிய துறைமுகத்தைச் சுற்றி வெள்ளைச் சுவர் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். அந்த ஊருக்குள் சுற்றுலா பஸ் போக முடியாது. பஸ்ஸின் அகலம் 2.55 மீட்டர், நீளம் சாதாரணமாகப் பன்னிரண்டு மீட்டர். ஊரின் தெருக்களோ மீன் கூடை சுமந்த ஆளும் பொதி சுமந்த கழுதையும் போவதற்கென்று அமைந்தவை. ஆகவே மேட்டில், கிரம்பிள்ஹார்ன் என்ற இடத்திலேயே பஸ் நின்றுவிடும். அங்கிருந்து துறைமுகத்துக்கு சுமார் 800 மீட்டர் நடக்க வேண்டும். போகும்போது இறக்கம், எளிது. எழுபது வயதைக் கடந்தவருக்குத் திரும்பி ஏறுவதுதான் பாடு. அவர்களுக்காகவே கட்டணம் வாங்கிக்கொண்டு சிறு வண்டிகள் ஓடுகின்றன.

இப்படி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றி பிரிட்டனில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கி, இரண்டு மணி நேரம் ஊரை அடைத்துக்கொண்டு, ஒரு கோப்பை தேநீருக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பார்கள். கடலோர ஊர்கள் தம் இயல்பை இழந்ததற்கு இவர்களையே காரணம் காட்டுவதும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மீனவ ஊர்கள் எதனால் மாறின, அதில் பஸ் பயணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில், இந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கோச் (சுற்றுலா பஸ்) விடுமுறை என்பது பெரும்பாலும் நான்கைந்து நாள் அல்லது ஒரு வாரம். வடக்கே லங்காஷயரிலோ யார்க்ஷயரிலோ, வீட்டுக்குப் பக்கத்து ஊரிலேயே பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். பெட்டியை ஓட்டுநரே வாங்கி அடியில் வைப்பார். டேமார் ஆற்றைக் கடந்து கார்ன்வாலுக்குள் நுழைந்து, நியூக்கீ, ஃபால்மத் போன்ற ஓரளவு பெரிய ஊரில் ஒரே ஓட்டலில் தங்கல். காலையுணவும் இரவு உணவும் பயணக் கட்டணத்திலேயே அடங்கும். அங்கிருந்து தினமும் ஒரு திசையில் போய் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். கணவரை இழந்த பெண்கள் கணிசமாக இருப்பார்கள். கார் ஓட்டுவதை விட்டுவிட்டவர்களுக்கும், தனியாகப் பயணம் போகத் தயங்குகிறவர்களுக்கும், கடலைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கும் கோச் பழக்கமானதுதான். கோடையில் தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் பஸ் பிடித்து, பெரியவர் சிறியவர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் கடற்கரைக்குப் போய்வருவது வழக்கம்.

இந்த வழக்கம் முதல் உலகப் போருக்குப் பின் வேரூன்றியது. ராணுவம் கழித்துக்கட்டிய லாரிகளை வாங்கி, மேலே பெஞ்சுகளைப் பொருத்தி, ஆலைத் தொழிலாளர்களைக் கடற்கரைக்கு ஏற்றிப்போனார்கள். 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பஸ் தொழிலை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தது. கையில் ஒரு வார விடுப்பும் அதற்கான கூலியும் இருந்தால்தானே கடலைப் பற்றி யோசிக்க முடியும்? நட்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கைக்குப் பின் நாடெங்கும் கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன. கார்ன்வாலில் பேட்ஸ்டோ துறைமுகத்துக்கான ரயில் 1967இல் நின்றது. லூ, செயின்ட் ஐவ்ஸ் பாதைகள் மயிரிழையில் தப்பின. போல்பெரோ, மெவகிஸ்ஸி, மௌஸல் ஆகிய ஊர்களுக்கு ரயில் வந்ததே இல்லை. கார் இல்லாதவருக்கு அந்த ஊர்களைத் திறந்துவிட்டது பஸ்தான்.

பின்னர் ஸ்பெயினுக்கு மலிவு விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள். முதியவர்கள் பஸ்ஸிலேயே இருந்தார்கள். 1912இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய வாலஸ் ஆர்னால்ட் நிறுவனம் 2005இல் ஷீரிங்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அந்த ஷீரிங்ஸின் தாய் நிறுவனம் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், திவாலானது. 64,000 முன்பதிவுகள் ஒரே நாளில் ரத்தாயின. பிறகு வேறொரு நிறுவனம் ஷீரிங்ஸ் என்ற பெயரை வாங்கிப் பயணங்களைத் தொடர்ந்தது. ஆனால் அந்த வீழ்ச்சி ஒன்றைக் காட்டிக்கொடுத்தது: நவம்பரிலும் பிப்ரவரியிலும் கடலோர ஓட்டல்களின் அறைகளை நிரப்பிவந்தது இந்த முதியவர்களின் பஸ்கள்தான். கோடையில் யார் வேண்டுமானாலும் ஓட்டல் நடத்தலாம். மழையும் காற்றுமான மாதங்களில் சமையல்காரருக்கும் அறை சுத்தம் செய்பவருக்கும் சம்பளம் கொடுக்க, வாரம் தவறாமல் ஒரு பஸ் வந்து நிற்க வேண்டும்.

பஸ் பயணி ஊரில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறார் என்ற குறை உண்மைதான். அதற்குக் காரணம் அவருடைய அவசரமில்லை, ஓட்டுநரின் கடிகாரம். சட்டப்படி ஓர் ஓட்டுநர் தொடர்ந்து நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம் வரை போகலாம். இரவில் பொதுவாகப் பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும். ஐம்பது உயிர்களைச் சுமந்து செல்பவர் களைத்துவிடக்கூடாது என்பதற்கான விதிகள் இவை. ஒன்றையும் தளர்த்தக்கூடாது என்பேன். ஆனால் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வரப்புச் சுவர்களுக்கு நடுவே எதிரே டிராக்டர் வந்தால் பின்வாங்கிப் பின்வாங்கி ஓட்டி, மாலை இரவு உணவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஓர் ஊருக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

கடலோ தன் கணக்குப்படி வரும், போகும். செயின்ட் ஐவ்ஸ், மௌஸல் துறைமுகங்களில் கடல் வற்றும்போது தண்ணீர் முழுதும் வடிந்து, படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கும். காலை பதினொரு மணிக்கு வந்தவர் வெறும் மணலைப் பார்த்துவிட்டுப் போவார். அதே இடத்துக்கு மாலை ஐந்துக்கு வந்தவர் தளும்பும் துறைமுகத்தைப் பார்ப்பார். பயண அட்டவணை போடுகிறவர்கள் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் என்ற தீவுக்குப் போகும்போது மட்டும் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அங்கே கடல் வற்றினால்தான் கல் பாதையில் நடந்து போக முடியும். மற்ற நேரத்தில் படகுதான்.

பஸ் பயணி மீனவ ஊரைப் பார்க்க வருகிறார், மீனைப் பார்ப்பதில்லை. அது நியூலினில் இருக்கிறது. இங்கிலாந்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றான நியூலினில் விடியற்காலையிலேயே ஏலம் முடிந்து, பயணிகள் ஓட்டலில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட உட்காரும்போது மீன் லாரியில் ஏறிவிடும். பெருமளவு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போகும். மெக்ரிம் என்ற தட்டை மீனையும் சிலந்தி நண்டையும் ஸ்பானியர்கள் விரும்பி வாங்கிச் சாப்பிட, ஆங்கிலேயர்கள் பெயரைக் கேட்டே ஒதுங்கினார்கள். பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஏற்றுமதியில் சிக்கல் வந்ததும், 2021இல் கார்ன்வால் மீன் உற்பத்தியாளர்கள் மெக்ரிமை ‘கார்னிஷ் சோல்’ என்றும் சிலந்தி நண்டை ‘கார்னிஷ் கிங் நண்டு’ என்றும் பெயர் மாற்றி உள்நாட்டில் விற்கத் தொடங்கினார்கள். இதற்கிடையே துறைமுகத்து மேசைகளில் பயணிகள் சாப்பிடும் வறுத்த மீனும் சிப்ஸும் பெரும்பாலும் காட் அல்லது ஹாடக். அந்த மீன்கள் பிரிட்டனுக்குப் பெருமளவு வருவது ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துக் குளிர்க் கடலிலிருந்து. எதிரே கட்டியிருக்கும் படகுக்கும் தட்டில் இருக்கும் மீனுக்கும் பல நேரம் சம்பந்தமே இருப்பதில்லை.

ஒரு காலத்தில் சம்பந்தம் இருந்தது. அந்த மீனின் பெயர் பில்சார்ட். நம் மத்தியின் உறவு. கோடை முடியும் தறுவாயில் அது கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக வரும். பாறை முகட்டில் ஓர் ஆள் நாள் முழுதும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் கறுத்துச் சிவந்தால் மீன் வந்துவிட்டது என்று பொருள். உடனே ‘ஹெவ்வா!’ என்று ஊதுகுழலில் கத்துவான். ஊரே கரைக்கு ஓடிவரும். இரண்டு கையிலும் புதர்க் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், வலையை இறக்கு என்று மேலிருந்தே சைகை காட்டி, கீழே படகை நடத்துவான். தமிழகத்திலும் இலங்கையிலும் கரைவலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆளின் முக்கியத்துவம் உடனே புரியும். ஒரு வித்தியாசம், இங்கே வலையைக் கரைக்கு இழுத்துவிட மாட்டார்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, ஆழமில்லாத இடத்தில் வலையை நங்கூரமிட்டுவிட்டு, உள்ளே சிறு வலை போட்டு நாள்கணக்கில் அள்ளுவார்கள். 1868இல் செயின்ட் ஐவ்ஸில் ஒரே வலையில் 5,600 பீப்பாய் மீன் கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு பீப்பாயில் இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் மீன். ஒரு கோடி மீனுக்கு மேல் ஒரே வலையில்! மீன் பார்க்கிறவன் நின்ற வெள்ளைக் கல் குடில் ஒன்று நியூக்கீயில் இன்னமும் இருக்கிறது. அந்த ஊரில் தங்கும் பஸ் பயணிகள் மாலை நடையிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

கரைக்கு வந்த மீன் பெண்களின் கைக்கு மாறும். வீடுகளின் அடித்தளத்தில் இருந்த அறைகளில், மீனும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, சுவர்போல் எழுப்பி ஒரு மாதம் விடுவார்கள். பிறகு கழுவிப் பீப்பாயில் அடைத்து, மேலே பலகை வைத்து, நீண்ட கழியின் ஒரு முனையைச் சுவரில் செருகி, மறு முனையில் கல் தொங்கவிட்டு அழுத்துவார்கள். வழியும் எண்ணெய் விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் விலைபோகும். மீன் இத்தாலிக்குக் கப்பலேறும். அங்கே தவக்காலத்தில் இறைச்சி விலக்கு என்பதால் உப்பு மீனுக்கு நல்ல கிராக்கி. போல்பெரோவிலோ செயின்ட் ஐவ்ஸிலோ பழைய கட்டடங்களுக்குள் நுழைந்தால் சுவரில் இடுப்பளவு உயரத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும். கழி செருகிய துளைகள் அவை. வீட்டுக்கு வெளியே கல் படிக்கட்டு முதல் மாடிக்கு நேராக ஏறுவதற்கும் இதுவே காரணம். கீழ்த்தளம் மீனுக்கு, மேல்தளம் மனிதருக்கு. இப்போது அந்தக் கீழ்த்தளங்களில் காபிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பவரிடம் இந்தத் துளைகளைக் காட்டிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், ஊரே வேறு மாதிரி தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் கூட்டங்கள் கரையோரம் வருவது அருகி, அந்த வலைத்தொழில் நின்றுபோனது. தொழில் நின்ற பிறகு வீடுகள் மட்டும் மிஞ்சின. ஆக, பயணிகள் வந்து மீன்பிடித் தொழிலை விரட்டவில்லை. பின்னாளில் அதே மீன் ‘கார்னிஷ் சார்டின்’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்து, 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் பெற்றது. சில படகுகள் இரவில் போய் வளைத்துப் பிடித்துவருகின்றன.

நியூலினிலிருந்து கரையோரமாகப் போகும் சாலை மௌஸலுக்குப் போகிறது. வழியில் பென்லீ முனையில் ஒரு பழைய உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு நினைவுத் தோட்டம். 1981 டிசம்பர் 19 அன்று இரவு, சூறாவளி வேகக் காற்றில், முதல் பயணத்திலேயே என்ஜின் நின்றுபோன யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் பாறைக் கரையை நோக்கி அடித்துவரப்பட்டது. அதில் எட்டுப் பேர். கப்பல் தலைவரின் குடும்பத்தினர் மூவரும் அதில் அடக்கம். மீட்கப் போனது சாலமன் பிரவுன் என்ற மரப் படகு. அதில் போன எட்டுப் பேரும் மௌஸல்காரர்கள், சம்பளம் இல்லாத தொண்டர்கள். படகுத் தலைவர் ட்ரெவெலியன் ரிச்சர்ட்ஸ் தன் மீட்புக் குழுவில் ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேரைச் சேர்க்க மறுத்தார். நான்கு பேரைப் படகில் ஏற்றிவிட்டோம் என்று மீட்புப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. அத்தோடு சரி. இரண்டு கலங்களிலும் இருந்த பதினாறு பேரும் மாண்டார்கள். ஒரு சிறு ஊர் ஒரே இரவில் எட்டு ஆண்களை இழந்தது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மௌஸல் துறைமுகத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் நடக்கிறது. அதைப் பார்க்க டிசம்பரில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். டிசம்பர் 19 அன்று மாலை அந்த விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவைக்கிறார்கள். தெரியாமல் வந்தவர் ஏமாற்றமடையலாம். தெரிந்து வந்தவர் தொப்பியைக் கழற்றுவார். இந்தக் கதையை வழியிலேயே சொல்லாத பஸ் நிறுவனம் தன் பயணிக்குப் பாதி ஊரைத்தான் காட்டுகிறது.

வீடுகளின் கதைதான் இன்றைய பெரிய பிரச்சினை. செயின்ட் ஐவ்ஸுக்கு 1877இல் ரயில் வந்தது. கடலோர வெளிச்சத்தைத் தேடி ஓவியர்கள் வந்தார்கள். 1939இல் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் வந்து, 1975இல் இறக்கும்வரை தங்கினார். 1993இல் டேட் கலைக்கூடம் திறக்கப்பட்டது. இதெல்லாம் ஊருக்குப் பெருமை. போர்த்மியோர் கடற்கரை ஓரத்துக் கட்டடம் ஒன்றில் கீழ்த்தளத்தில் மீனவர்கள் வலை பராமரிக்க, மேல்தளத்தில் ஓவியர்கள் வேலை செய்யும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. கலையும் மீனும் ஒன்றையொன்று துரத்த வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அழகான ஊர் என்று பெயரெடுத்ததும் லண்டன் பணம் வந்தது. வருடத்தில் சில வாரம் தங்குவதற்காகவும், வாடகைக்கு விடுவதற்காகவும் வீடுகளை வாங்கினார்கள். நான்கில் ஒரு வீடு அப்படிப் போன நிலையில், 2016 மே மாதம் ஊர்மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இனிக் கட்டும் புது வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்ற விதிக்கு 83 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்கள் தோற்றார்கள். ஆனால் விதி புது வீட்டுக்கு மட்டும்தான். இரண்டாம் வீடு தேடுகிறவர் பழைய வீட்டை வாங்க எந்தத் தடையும் இல்லை. மீனவரின் பேரனுக்கு எட்டாமல் போனதும் அந்தப் பழைய வீடுதான்.

கார்ன்வாலில் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். 2025 ஏப்ரல் முதல் அவற்றுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். நல்ல நடவடிக்கை, ஆனால் தாமதமானது. ஜனவரி மாத இரவில் இந்த மாதிரி ஊரின் துறைமுகத் தெருவில் எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தால் வரி அதிகாரி தேவையில்லை, நிலைமை விளங்கிவிடும். ஆள் இல்லாத தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இல்லை; உயிர்காப்புப் படகுக்குத் தொண்டர்கள் கிடைப்பதில்லை. அவசர அழைப்பு வந்ததும் சில நிமிடங்களில் படகை இறக்க வேண்டுமென்றால், அந்த ஆட்கள் கூப்பிடு தூரத்தில் குடியிருக்க வேண்டும்.

இப்போது பஸ் பயணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ஒரு வீட்டையும் வாங்கவில்லை. ஏற்கெனவே உள்ள ஓட்டலில், ஏற்கெனவே உள்ள அறையில், சீசன் இல்லாத மாதத்தில் தங்குகிறார். ஐம்பது பேர் ஒரே வண்டியில் வருவதால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சந்துகளில் முட்டிக்கொள்வதில்லை. அவர் செலவிடும் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து அவர் எதையும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. இரண்டு மணி நேர நெரிசல் எரிச்சல் தரும் என்பதை மறுக்கவில்லை. அது மாலையோடு தீர்ந்துவிடும் எரிச்சல். இருண்ட ஜன்னல் வருடம் முழுதும் இருண்டே கிடக்கும்.

அந்த நெரிசலையும் குறைக்க வழி இருக்கிறது. ஒரே நாளில் மூன்று ஊர் என்று அள்ளிப் போடாமல் ஓர் ஊரில் அரை நாள் விட்டால், பயணிகள் ஒரே கடையில் வரிசையில் நிற்காமல் பரவுவார்கள். மதியச் சாப்பாடும் அங்கேயே நடக்கும். மௌஸலுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு கைவசமே உண்டு. பென்சான்ஸிலிருந்து நியூலின் வழியாக ஊர்க்காரர்களின் வழக்கமான பஸ் ஓடுகிறது. பெரிய வண்டியை விட்டு ஊருக்கு வெளியே நிறுத்தப் பார்த்தபோது, துறைமுகம்வரை வரும் சிறிய பஸ்தான் வேண்டும் என்று ஊர்மக்கள் போராடியிருக்கிறார்கள். கோச்சை பென்சான்ஸ் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுப் பயணிகளைச் சிறு சிறு குழுவாக அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மீன் லாரிகளைத் தாண்டி, பென்லீயைத் தாண்டி, துறைமுகத்தின் வாசலிலேயே இறங்கலாம். அவர்கள் வாங்கும் டிக்கெட் ஊர்க்காரர்களின் குளிர்கால பஸ் நின்றுபோகாமல் இருக்கவும் உதவும்.